அபே ஃபாரியா: மனத்தின் கதவைத் தட்டிய குரு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு இரவு பத்து மணி என்பது நாள் முடியும் நேரமன்று. இரண்டாம் ஷிப்டு முடிந்து தொழிலாளர் வீடு திரும்பும் வேளை அது. அவ்வேளையில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோருள் சிலர் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருபவர் அல்லர். மகனையோ மகளையோ கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்து வந்து, "சாமி, இவனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு, கை வச்சு ஜெபிங்க" என்று கேட்பவர்கள் அவர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில், அவ்வாறு ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயது இளைஞர். இரும்பு உருக்காலை ஒன்றில் இரவு வேலை. மூன்று வாரங்களாக உறக்கமில்லை. உலையின் இரைச்சலினூடே யாரோ தம் பெயரைச் சொல்லித் திட்டுவதாகக் கூறினார். நாம் என்ன செய்தோம்? அவர் தலைமீது கைகளை வைத்து மன்றாடினோம். புனித நீரைத் தெளித்தோம். புனித அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் செய்யுமாறு தாயிடம் சொன்னோம். இவற்றுள் எதுவும் தவறன்று. ஆனால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நாம் சொல்லவில்லை. "நாளைக் காலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அம்மா" என்னும் சொல் நம் வாயிலிருந்து வரவில்லை. ஒன்பது வாரங்களுக்குப் பின்னும் மகன் தேறாததைக் கண்ட அத்தாய், யாரோ சொன்ன தொலைவான ஒரு ஜெப வீட்டில் அவரைக் கொண்டுபோய் விட்டார். நான்கு மாதங்கள் கழித்து அவ்விளைஞரை நாம் மீண்டும் கண்டபோது, வலக் கணுக்காலில் சங்கிலி அறுத்த புண் ஆறாமல் இருந்தது.

அந்தப் புண் நம் மனத்திலும் ஆறாமல் இருந்த நாள்களில்தான், ஆண்டுத் தியானத்தின் பொருட்டுக் கோவா செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. பனாஜி நகரில் பழைய தலைமைச் செயலகத்தின் அருகே, ஆற்றை அடுத்த சாலையில், ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. நீண்ட அங்கியணிந்த குரு ஒருவர் இரு கைகளையும் நீட்டி நிற்க, அவர்முன் ஒரு பெண் சாய்ந்து கிடக்கிறார். பேயோட்டும் குருவின் சிலை போலும் என்று எண்ணினோம். கேட்டறிந்தபோது நாணினோம். "என் கைகளில் எவ்வித வல்லமையும் இல்லை" என்று உலகுக்கு எடுத்துரைத்த குருவின் சிலை அது. அவர் பெயர் ஜோசே குஸ்டோடியோ தெ ஃபாரியா. பிரெஞ்சு வழக்கில் 'அபே ஃபாரியா', அதாவது ஃபாரியா சாமியார். இராமச்சந்திர பாண்டுரங்க காமத் என்னும் கோவாச் சிற்பி வடித்த அச்சிலை 1945-ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்டது.

கோவாவின் குரு ஒருவருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு பழையது. பழவேற்காட்டில் மகிமை மாதாவின் திருத்தலத்தைப் போர்த்துக்கீசியர் 1515-இல் தொடங்கினர். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் கோவா உயர்மறைமாவட்டத்தின் கீழேதான் உருவாயிற்று. இக்கடற்கரையில் நம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்தவர்களுள் கோவாக் குருக்களும் உண்டு. ஆகவே ஃபாரியாவின் கதை அயல்வீட்டுக் கதையன்று. நம் கூடத்தில் மாட்டியிருக்க வேண்டிய, நாம் மாட்டத் தவறிய படம் அது.

இறைவனுக்காகப் பிரிந்த குடும்பம்

ஃபாரியா 1756-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கோவாவின் பார்தேசு வட்டத்திலுள்ள கண்டோலிம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கயேத்தானோ வித்தோரினோ தெ ஃபாரியா. தாய் ரோசா மரியா தெ சூசா. பதினாறாம் நூற்றாண்டில் மனந்திரும்பிய கொங்கணி அந்தணக் குடும்பத்தின் வழிவந்தவர் தந்தை. குருமடத்தில் பயின்று, பட்டம் பெறுமுன் வெளியேறி மணம் புரிந்தவர் அவர். இல்லறம் நிலைக்கவில்லை. கணவனும் மனைவியும் திருச்சபையின் இசைவோடு பிரிந்தனர். தந்தை மீண்டும் குருத்துவக் கல்வியைத் தொடர்ந்து குருவானார். தாய் பழைய கோவாவிலிருந்த புனித மோனிக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவியாகவும் விளங்கினார்.

இதைப் படிக்கும் நம் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் சற்றே நின்று எண்ண வேண்டும். தந்தையும் தாயும் இறைவனுக்குத் தம்மைக் கையளித்தபோது நடுவில் நின்றவன் ஒரு சிறுவன். அவனுக்கு வீடு என்று ஒன்று இல்லாமற் போயிற்று. பின்னாளில் மனித மனத்தின் தனிமையை இவ்வளவு நுட்பமாக உணர்ந்தவர், அத்தனிமையை இளமையிலேயே தாமும் சுவைத்திருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1771-ஆம் ஆண்டு தந்தை பதினைந்து வயது மகனை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின், நவம்பர் 23-ஆம் நாள் இருவரும் லிஸ்பன் நகரை அடைந்தனர். போர்த்துக்கல் மன்னர் முதலாம் ஜோசேயின் ஆதரவு பெற்று உரோமைக்குச் சென்றனர். தந்தை அங்கே இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். மகன் 1780-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரும் இறையியல் முனைவரானார். தூய ஆவியாரைப் பற்றி அவர் எழுதிய ஆய்வைக் கண்டு மகிழ்ந்த திருத்தந்தை ஆறாம் பத்திநாதர், சிஸ்டைன் சிற்றாலயத்தில் மறையுரை ஆற்ற அவரை அழைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கண்டோலிம் ஊர்ச் சிறுவன் உரோமையின் உச்சியில் நின்றான்.

மறையுரை மேடையில் தடுமாறிய இளங்குரு

லிஸ்பன் திரும்பிய பின் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி கோவாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அரசி முதலாம் மரியாவின் அரண்மனைச் சிற்றாலயத்தில் இளங்குரு ஃபாரியா மறையுரையாற்ற ஏறினார். எதிரே அரசி, பிரபுக்கள், ஆயர்கள். நா வறண்டது, சொல் எழவில்லை. மேடையின் கீழே அமர்ந்திருந்த தந்தை நிலைமையை உணர்ந்தார். அவையில் வேறெவரும் அறியாத கொங்கணி மொழியில் மெல்லக் கூறினார்: "இதெல்லாம் வெறும் கீரைதான், அரிந்து தள்ளடா!" அந்த ஒரு சொல்லில் மகனின் அச்சம் அகன்றது. மறையுரை தங்குதடையின்றிப் பொழிந்தது.

நகைச்சுவையாகச் சொல்லப்படும் இக்கதையில் ஆழ்ந்த பொருள் உண்டு. தந்தை எந்த மருந்தும் கொடுக்கவில்லை. மகனைத் தொடவும் இல்லை. அவர் கொடுத்தது ஒரு சொல். அதுவும் தாய்மொழிச் சொல். அச்சொல் வேலை செய்தது ஏன்? சொன்னவரை மகன் முழுமையாக நம்பியிருந்தார் என்பதனால்தான். வந்திருந்தோர் கீரையாக மாறிவிடவில்லை; மாறியது மகனின் உள்ளம். ஒரு சொல்லுக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை ஃபாரியா தம் வாழ்நாளெல்லாம் சுமந்து திரிந்தார் என்று அவர் வரலாற்றைப் படிப்போர் பலரும் கருதுவர்.

லிஸ்பன் வாழ்வு நீடிக்கவில்லை. கோவாவில் மண்ணின் மைந்தரான குருக்களுக்கு உயர் பொறுப்புகள் மறுக்கப்பட்டன. அறிவிலும் ஒழுக்கத்திலும் சிறந்திருந்தும், தோலின் நிறம் தடையாயிற்று. இக்கொடுமையால் வெகுண்ட கண்டோலிம் ஊர்ப் பிந்தோ குடும்பத்தாரும் சில குருக்களும் படைவீரரும் 1787-இல் போர்த்துக்கீசிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டனர். திட்டம் வெளிப்பட்டது. பதினைந்து பேர் கொலைத்தண்டனைக்கு உள்ளாயினர். குருக்கள் பலர் லிஸ்பன் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். தந்தையும் மகனும் ஐயத்திற்கு உள்ளாயினர். 1788-இல் மகன் பிரான்சு நாட்டிற்குப் புறப்பட்டார். ஓராண்டிற்குள் அங்கே பெரும் புரட்சி வெடித்தது. அடங்கியிருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. 1795-இல் தேசியப் பேரவையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ஒரு பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார் என்று கூறப்படுகிறது. குருவுக்கு அது தகுமா என்று கேட்போர் கேட்கட்டும். அவர் குறையற்ற புனிதர் என்று நாம் இங்கே வாதிட வரவில்லை.

பாரிஸ் நகரத்து வியாழக்கிழமைகள்

அக்காலத்தில் பாரிஸ் நகரை ஒரு கோட்பாடு ஆட்டிப் படைத்தது. ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் (1734-1815) என்னும் மருத்துவர், உடலெங்கும் காந்தம் போன்ற ஒரு நுண்பாய்மம் ஓடுகிறது என்றும், அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய் என்றும், தம் கைவீச்சினால் அதைச் சீர்செய்ய இயலும் என்றும் கூறினார். மக்கள் திரண்டனர். 1784-இல் மன்னர் பதினாறாம் லூயி அமைத்த ஆய்வுக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாசியேயும் இருந்தனர். அப்படியொரு பாய்மம் இல்லை, நிகழ்வன யாவும் கற்பனையின் விளைவே என்று அக்குழு தீர்ப்பளித்தது. ஆனால் 'கற்பனை' என்று சொல்லி அறிஞர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்கற்பனைக்கு இத்தனை ஆற்றல் எவ்வாறு வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

அக்கதவைத் தட்டியவர் ஃபாரியா. மெஸ்மரின் மாணவரான பூயிசேகூர் பிரபுவிடம் அவர் இக்கலையைப் பயின்றார். 1811-இல் மார்செய் நகரில் மெய்யியல் பேராசிரியராக அமர்ந்தார். அந்நகர மருத்துவக் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பின்னர் நீம் நகரில் சிறிது காலம் கற்பித்தார். 1813-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் பாரிஸ் நகரத்துக் கிளிஷித் தெருவில், 49-ஆம் எண் வீட்டில், வியாழக்கிழமைதோறும் பொது விரிவுரைகளைத் தொடங்கினார். அனுமதிக் கட்டணம் ஐந்து பிராங்கு.

அங்கே நிகழ்ந்தது மிக எளியது. வந்தவரை ஒரு நாற்காலியில் வசதியாக அமரச் செய்வார். கண்களை மூடி, மனத்தை ஒருமுகப்படுத்தி, உறக்கத்தை எண்ணுமாறு கூறுவார். அமைதி நிலவியபின் உறுதியான குரலில் "உறங்குக!" என்று கட்டளையிடுவார். மெஸ்மர் பயன்படுத்திய காந்தத் தொட்டியும் இல்லை, இசையும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. சிலர் உறங்கினர், சிலர் உறங்கவில்லை. உறங்கியவரிடம் அவர் சொன்ன சொற்கள் வேலை செய்தன. தண்ணீரைத் திராட்சை இரசம் என்று கூறிக் கொடுத்தால், அதன் சுவையை உணர்ந்தார்கள். வலியில்லை என்று சொன்னால், வலி தணிந்தது.

இந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'தெளிந்த உறக்கம்'. இதைவிட முக்கியமானது அவர் கண்ட விளக்கம். குணமாக்குபவரிடமிருந்து நோயாளிக்கு எதுவும் பாய்ந்து செல்வதில்லை. நிகழ்வதெல்லாம் நோயாளியின் உள்ளத்திலேயே, அவருடைய நம்பிக்கையினாலும் எதிர்பார்ப்பினாலும் நிகழ்கிறது என்றார் அவர். தாம் வெறும் வாயில்காப்போன். கதவு உள்ளிருந்தே திறக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்கள் தம்மை நாடி வரும்போது, "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

அதே காலத்தில் அதே பாரிஸ் நகரில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் இரும்புச் சங்கிலிகளில் பிணிக்கப்பட்டிருந்தனர். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன் 1797-இல் அச்சங்கிலிகளை அகற்றினார். மருத்துவர் ஃபிலிப் பினேல் இம்மனிதநேய முறையை நூலாக்கி உலகறியச் செய்தார். ஜெர்மானிய மருத்துவர் ரைல் 1808-இல் 'மனநல மருத்துவம்' என்னும் துறைக்கே பெயர் சூட்டினார். சங்கிலியைக் கழற்றியவர்களும், மனத்தின் கதவைத் தட்டியவரும், துறைக்குப் பெயரிட்டவரும் ஒரே தலைமுறையினர்.

ஏளனமும் இறப்பும்

ஃபாரியாவுக்கு இருபுறமும் பகை சூழ்ந்தது. காந்தப் பாய்மத்தை நம்பியோர், தங்கள் தொழிலைக் கெடுக்க வந்தவர் என்று அவரை வெறுத்தனர். குருக்கள் சிலர், இது அலகையின் வேலை என்று தூற்றினர். அறிவியலாரோ அவரைக் கண்கட்டி வித்தைக்காரராகக் கருதினர். ஒரு நடிகர் விரிவுரைக்கு வந்து, உறங்குவதுபோல் நடித்து, திடீரென்று கண் திறந்து அவரை அவமானப்படுத்தினார். 1816-இல் பாரிஸ் நாடக அரங்கொன்றில் அவரைக் கேலி செய்யும் நாடகமே மேடையேறியது. கறுத்த மேனியும், உயர்ந்த உருவமும், வேற்றுநாட்டு உச்சரிப்பும் கொண்ட முதிய குருவைப் பார்த்து ஊரே நகைத்தது. விரிவுரை மண்டபம் காலியாயிற்று.

வறுமையுற்ற ஃபாரியா, ஆன்ம குருவாக எளிய பணியொன்றை ஏற்றார். பகலில் திருப்பலி, இரவில் எழுத்து. தம் கண்டுபிடிப்பை நான்கு தொகுதிகளாக எழுதத் திட்டமிட்டார். 'தெளிந்த உறக்கத்தின் காரணம்' பற்றிய முதல் தொகுதி 1819-இல் அச்சேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் பக்கவாதத்தால் அவர் இறைவனடி சேர்ந்தார். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில், பெயர்க்கல் இல்லாக் குழியில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சிய தொகுதிகள் உலகுக்குக் கிட்டவில்லை.

1844-இல் வெளிவரத் தொடங்கிய தம் புகழ்பெற்ற நாவலில், அலெக்சாந்தர் தூமா ஒரு சிறைக்கைதிக்கு 'அபே ஃபாரியா' என்று பெயர் வைத்தார். அக்கதையில் அவர் இத்தாலியக் குரு. புதையலின் இரகசியம் அறிந்தவர். உலகம் கற்பனைக் குருவை நினைவில் கொண்டது. மெய்யான குருவை மறந்தது. ஆயினும் மருத்துவ உலகம் முற்றிலும் மறந்துவிடவில்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840-களில் 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லைப் பரப்பினார். பிரான்சின் நான்சி நகரில் லியேபோ, பெர்ன்ஹைம் என்னும் மருத்துவர்கள், சொல்லின் ஆற்றலே சிகிச்சையின் அடிப்படை என்று நிறுவினர். ஃபாரியா தங்களுக்கு முன்னோடி என்பதையும் ஏற்றனர். 1889-இல் அந்நகருக்குச் சென்று பெர்ன்ஹைமின் முறையைக் கண்டு திரும்பியவர்களுள் ஒருவர் சிக்மண்ட் ஃபிராய்டு. போர்த்துக்கீசிய நரம்பியல் மருத்துவரும் பின்னர் நோபல் பரிசு பெற்றவருமான எகாஸ் மோனிஸ், 1925-இல் ஃபாரியாவைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

ஃபாரியா சொன்ன யாவும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. குருதி நீர்த்திருப்போரே எளிதில் உறங்குவர் என்று அவர் நம்பியது பிழை. வசியத் துயில் எல்லா மனநோய்க்கும் மருந்தன்று. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு மருந்துகளும் தொடர்ந்த மருத்துவமும் வேண்டும். அவர் மனநல மருத்துவரும் அல்லர். அத்துறை பிறக்கும் வேளையில் அதன் வாசலில் நின்ற குரு. ஆனால் அவர் விட்டுச்சென்ற மையக் கருத்து தளரவில்லை: துன்புறுபவரின் நம்பிக்கைதான் சொல்லுக்கு ஆற்றலைத் தருகிறது.

திருச்சபை கற்பிப்பது

ஒரு தெளிவு தேவை. ஆண்டவர் இயேசுவின் அருஞ்செயல்களை வெறும் உளவியலாகச் சுருக்க நாம் முயலவில்லை. இறைவனின் வல்லமை கற்பனையன்று. ஆயினும் நற்செய்தியை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். இரத்தப் பெருக்கினால் வருந்திய பெண் நலம்பெற்றபோது, ஆண்டவர் தம் வல்லமையைப் பறைசாற்றவில்லை. அவள் கொண்ட நம்பிக்கையைச் சுட்டிக்காட்டினார். வல்லமை முழுவதும் தம்முடையதாயிருந்தும், எளியவளின் நம்பிக்கைக்கு அவர் மதிப்பளித்தார். வல்லமை சிறிதும் நம்முடையதல்லாதிருக்க, நாம் அதைப் பறைசாற்றினால் அது தகுமா?

திருச்சபையின் போதனை இதில் ஐயத்திற்கு இடமின்றி உள்ளது. மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உளமருத்துவ வல்லுநர்களை உரோமையில் சந்தித்து, அவர்தம் துறையைக் குறித்து விரிவாக உரையாற்றினார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கை நிறைவேற்றலாகாது என்கிறது (சட்டம் 1172). நோய், சிறப்பாக மனநோய், முற்றிலும் வேறானது. அதைக் குணமாக்குவது மருத்துவத்தின் பணி என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1673-ஆம் எண்ணில் தெளிவுறுத்துகிறது. இவையனைத்தையும் குருமடத்தில் நாம் பயின்றிருந்தோம். பயின்றதை அந்த இரவில் நாம் சொல்லவில்லை என்பதே நம் குற்றம்.

நம் வாசலில்

சென்னையில் மனநோயாளருக்கான இல்லம் 1794-லேயே தொடங்கிற்று. கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனை 1871 முதல் இயங்கி வருகிறது. அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், பூட்டிய அறைகளைப் புறநோயாளர் பிரிவாகவும் மறுவாழ்வுக் கூடமாகவும் மாற்றப் பாடுபட்டவர். 1984-இல் மனச்சிதைவு நோயாளருக்கெனச் 'ஸ்கார்ஃப்' என்னும் ஆய்வு நிறுவனத்தையும் தோற்றுவித்தார். தலைநகரில் இத்தனை இருந்தும், அறியாமையின் சங்கிலி அறுபடவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். இதை வேற்று மதத்தாரின் ஊரில் நடந்தது என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. சங்கிலி எல்லா மதத்தாரின் பெயராலும் பூட்டப்பட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்று தடை விதித்துள்ளது.

நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கி, தாய்மொழியில் பேச ஆளின்றி உலைமுன் நிற்கும் இளைஞர்கள் உள்ளனர். போரில் வீடிழந்து கடல் கடந்து வந்து, முகாமிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஈழத்துக் குடும்பங்கள் உள்ளன. பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்து, உறக்கத்தையே தொலைத்த நம் பங்கு மக்கள் உள்ளனர். இவர்களுக்கு மனம் சோரும்போது முதலில் தட்டப்படுவது மருத்துவமனையின் கதவன்று, கோவிலின் கதவே. அதனால் நம் பொறுப்பு பெரிது.

நாம் தொடங்கிய கதையின் முடிவைச் சொல்லி நிறைவு செய்வோம். செவிலியராகப் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் அவ்விளைஞரைத் தாமே அழைத்துச் சென்று அரசு மருத்துவமனையில் சேர்த்தார். மாத்திரைகள் தொடர்ந்தன. ஓராண்டு கடந்தபின் அவர் பகல் வேலை ஒன்றில் அமர்ந்தார். கிடங்கில் சரக்குக் கணக்கெழுதும் பணி. ஞாயிறு திருப்பலிக்குத் தாயும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். ஒருநாள் அத்தாயிடம் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "சாமி, நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனே" என்று மட்டும் கூறினார்.

ஃபாரியாவின் நூல் முழுவதும் சொல்ல விழைந்ததை அத்தாய் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம் சொல்லுக்கு ஆற்றல் இருந்தது. அது நம்முடைய ஆற்றலன்று. அவர் நம்மீது வைத்த நம்பிக்கை தந்த ஆற்றல். அதைக் கொண்டு அவரை மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம். நாம் அனுப்பவில்லை.

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதரை ஊரார் சங்கிலியால் கட்டினர். ஆண்டவரோ கட்டவில்லை. தெளிந்த மனத்தோடு ஆடையணிந்து அமர்ந்த அவரை, தம்மோடு வர விரும்பியும், வீட்டிற்கு, தம் உறவினரிடம் போகுமாறு அனுப்பினார். மனநோயுற்றவரின் பயணம் திருத்தலம் திருத்தலமாக அலைந்து முடிவுறாது, வீட்டில் முடிய வேண்டும் என்பது இறைவிருப்பம்.

இன்றும் இரவு பத்து மணிக்கு நம் கதவு தட்டப்படுகிறது. நாம் எழுந்து திறக்கிறோம். தலைமீது கைகளை வைத்து மன்றாடுகிறோம். பின்னர் திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்கும் நாளைத் தாளில் எழுதித் தாயின் கையில் கொடுக்கிறோம். இயன்றபோது உடன் செல்கிறோம். இரண்டும் மன்றாட்டே. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் உறக்கமின்றித் தவித்தால், உங்களை நம்பும் அவரிடம் அந்த ஒரு சொல்லை நீங்களும் சொல்லுங்கள். நாம் காலந்தாழ்த்திக் கற்றதை நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.